மலாயாவில் பிரித்தானிய இராணுவ நிர்வாகமும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும் (1945–1946)

புத்தூரையும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் கிழக்குக் கிராமங்களையும் மலாயாவோடு இணைத்து எழுதுவோர் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கப்பலேறிய எழுதுவினைஞர், நில அளவையாளர், புகையிரத நிலைய அதிபர் ஆகியோரில் தொடங்கி, ஓய்வூதியத்தோடு திரும்பியோர் கட்டிய கல்வீடுகளில் முடிப்பர். இடையே வந்த யப்பானிய ஆட்சிக்கு ஒரு பத்தி கிடைப்பதுண்டு. அதனை அடுத்து 1945 செப்டெம்பர் முதல் 1946 மார்ச் இறுதிவரை நடந்த பிரித்தானிய இராணுவ நிர்வாகத்திற்கு அதுவுமில்லை. எனினும், மலாயாத் தமிழரின் பிற்கால நிலையைத் தீர்மானித்த முடிவுகள் பல அந்த ஏழு மாதங்களிலேயே எடுக்கப்பட்டன.

இராணுவ நிர்வாகம் என்பது, போரில் கைப்பற்றிய அல்லது மீட்ட நிலத்தில் குடிசார் அரசு மீண்டும் இயங்கும்வரை, படைத்தளபதியே தம் பிரகடனத்தின் வலிமையால் நீதி, வரி, உணவு, காவல் யாவற்றையும் நடத்தும் இடைக்கால ஆட்சியாகும். மலாயாவுக்கான திட்டம் 1943இலேயே இலண்டனில் றால்ப் ஹோன் தலைமையிலான குழுவொன்றால் வகுக்கப்பட்டது. அதனை நடைமுறைப்படுத்திய தென்கிழக்காசியப் படைத்தலைவர் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகமோ இலங்கையில், பேராதனைப் பூங்காவில் அமைந்திருந்தது. 1945 ஓகஸ்ட் 15இல் யப்பான் பணிந்தபோதும் பிரித்தானியப் படை செப்டெம்பர் தொடக்கத்திலேயே வந்திறங்கியதால், இடைப்பட்ட வாரங்களில் பல ஊர்கள் யப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களின் கையில் இருந்தன, பழிவாங்கல்களும் நிகழ்ந்தன. சிங்கப்பூரில் முறையான சரணடைவு செப்டெம்பர் 12இல் நடைபெற்றது.

புதிய நிர்வாகத்தின் முதற் செயல்களுள் ஒன்று எளிய மக்களை நேரடியாகத் தாக்கியது. யப்பானியர் அச்சிட்ட பணத்தாள்கள் யாவும் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் பொறித்திருந்த அந்தப் பணத்திலேயே மூன்றரை ஆண்டுகளாகச் சம்பளமும் சேமிப்பும் கடனும் கணக்கிடப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாகப் புழக்கத்துக்கு வந்த தாள்களில் 1941 யூலை 1 என்ற திகதி இருந்தது. போருக்கு முன் திட்டமிட்ட பணம் போர் முடிந்தபின் மக்களின் கைக்கு வந்தது. பெறுமதி குன்றிய பணத்தால் தீர்க்கப்பட்ட பழைய கடன்கள் தீர்ந்தவைதாமா என்ற வழக்கு, தனிச் சட்டம் இயற்றியே தீர்க்க வேண்டியதாயிற்று.

போருக்கு முன் மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்துவந்தது. அந்த வழி சீர்ப்படாததால் பங்கீட்டு அரிசி போதவில்லை. இராணுவக் களஞ்சியப் பொருள்கள் கள்ளச் சந்தையில் விலைப்பட்டன. புகையிரதப் பாதையிலும் சேதம் பெரிது. கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களை யப்பானியர் நெடுந்தூரத்துக்குப் பெயர்த்துச் சென்றிருந்தனர். எஞ்சிய பாதைகளில் வண்டிகளை ஓட்டவும் மருத்துவமனைப் பதிவேடுகளைத் திறக்கவும் இராணுவச் சீருடையினர் மட்டும் போதவில்லை. பிரிக்பீல்ட்ஸ் புகையிரதக் குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர் போன்ற பழைய ஊழியரே பணிக்குத் திரும்பினர். நிர்வாகத்தின் வெற்றி எனப் பின்னர் பேசப்பட்டவற்றில் அவர்களுக்குரிய பங்கு போதிய அளவு பதியப்படவில்லை. அவர்களின் ஆக்கிரமிப்புக்கால நிலுவைச் சம்பளக் கோரிக்கையோ இராணுவ ஆட்சி போன பின்னும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

இங்கே யாழ்ப்பாணத்து மலாயா வரலாறு வழக்கமாகத் தவறவிடும் மக்களையும் சேர்த்தல் வேண்டும். தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் 415 கிலோமீற்றர் நீளமான சயாம்–பர்மா புகையிரதப் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வாந்திபேதியிலும் பட்டினியிலும் மடிந்தனர். உயிர்தப்பியோர் போர் முடிந்தபின்னும் மாதக்கணக்கில் சயாம் முகாம்களில் காத்திருந்தே திரும்பினர். எழுதுவினைஞரின் கோவை அலுவலகத்தில் இருந்தது. தொழிலாளியின் மனைவிக்கோ கணவன் இறந்தான் எனக் காட்டும் சான்றுகூட இல்லை. அக்காலத்து அநீதிகளில் இதனினும் கொடியதைக் காண்பது அரிது. 

மூன்றரை ஆண்டுகள் மலாயாவிலிருந்து கடிதமும் காசும் இன்றிக் காத்திருந்த யாழ்ப்பாண வீடுகளுக்கு இராணுவ நிர்வாகம் தபாலாகவே முதலில் வந்தது. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் உருவம் தாங்கிய பழைய தொடுகடல் குடியேற்ற முத்திரைகளின்மேல் ‘பி.எம்.ஏ. மலாயா’ (பிரித்தானிய இராணுவ நிர்வாகம், மலாயா) எனக் கறுப்பிலும் சிவப்பிலும் மேலச்சிட்டு, 1945 ஒக்டோபரில் விற்பனைக்கு விட்டனர். இன்னார் உயிரோடிருக்கிறார், இன்னார் இல்லை என்ற செய்திகளை அவ்வுறைகள் சுமந்துவந்தன.

இதே மாதங்களில் பிரித்தானிய அரசின் பிரதிநிதியான சேர் ஹரல்ட் மக்மைக்கல் மலாய்ச் சுல்தான்களிடம் புதிய உடன்படிக்கைகளுக்குக் கையொப்பம் பெற்றுக்கொண்டிருந்தார். 1946 யனவரியில் வெளியான வெள்ளை அறிக்கை, மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தோருக்கும், 1942 பெப்ரவரி 15க்கு முந்திய 15 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தோருக்கும் குடியுரிமை வழங்க முன்மொழிந்தது. ஏப்ரல் 1இல் இராணுவ நிர்வாகம் முடிந்து மலாயா ஒன்றியம் பிறந்தது. ஆயினும் மலாயரின் கடும் எதிர்ப்பால் அக்குடியுரிமை நடைமுறைக்கு வரவேயில்லை. 1948 பெப்ரவரி 1இல் ஒன்றியத்துக்குப் பதிலாக அமைந்த மலாயாக் கூட்டாட்சி நிபந்தனைகளைக் கடுமையாக்கியது. மூன்று நாட்களின் பின் இலங்கை சுதந்திரம் பெற்று, அவ்வாண்டே தன் குடியுரிமைச் சட்டத்தையும் இயற்றியதால், ஒரே குடும்பத்தில் தந்தை ஒரு நாட்டுக்கும் பிள்ளை மற்றொரு நாட்டுக்கும் விண்ணப்பிக்க நேர்ந்தது.