வாரியர் கப்பலும் ஏற்றிறக்குக் கூலியும்

சரக்கைக் கப்பலில் ஏற்றவும் அதிலிருந்து இறக்கவும் ஆகும் உழைப்புச் செலவே ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எனப்படுகிறது. கப்பல் கட்டணம் என்றதும் கடல் தூரமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் சரக்குப் பெட்டகங்கள் வருவதற்கு முன்பு, கடலைவிடக் கரையிலேயே அதிகம் செலவானது. 1954இல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாவனுக்குச் சென்ற 'வாரியர்' என்ற கப்பலைப் பற்றிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

அமெரிக்க ராணுவத்துக்கான சரக்கு அது. எடை சுமார் 5,000 டன். உணவுப் பொருள்கள், வீட்டுச் சாமான்கள், அஞ்சல் பைகள், இயந்திர பாகங்கள், வண்டிகள் எனத் தனித்தனி உருப்படிகள் மட்டும் 1,94,582. பீப்பாய்க்கு ஒரு முறை, மூட்டைக்கு ஒரு முறை, மரப்பெட்டிக்கு வேறொரு முறை என்று ஒவ்வொன்றையும் தொழிலாளர் கையால் எடுத்துக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்க வேண்டும். கடலில் சரியாமல் இருக்கப் பலகையும் கயிறும் வைத்து இறுக்க வேண்டும். இதற்கான பொருள்களுக்கு மட்டுமே 5,000 டாலருக்கு மேல் ஆயிற்று. ஏற்ற 6 நாள்கள் (வேலைநிறுத்தத்தால் இழந்த ஒரு நாள் உட்பட), கடலில் பத்தரை நாள்கள், இரவு பகலாக இறக்க 4 நாள்கள்.

மொத்தச் செலவு 2,37,577 டாலர். இதில் கடற்பயணத்தின் பங்கு 11.5 விழுக்காடுதான். இரு முனைகளிலும் சரக்கைக் கையாண்ட செலவு 36.8 விழுக்காடு, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். அன்றைய ஜெர்மன் துறைமுகத் தொழிலாளியின் கூலி அமெரிக்கரின் கூலியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியும் கணக்கு இவ்வளவு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன காலத்தில், இக்கப்பலில் ஏற்ற ஆனது 15.8 சென்ட் என்று அவரது வல்லுநர்கள் கணக்கிட்டனர்.

மிச்சமான அந்தப் பணம் அதுவரை யாரோ ஒருவரின் அன்றாடக் கூலியாக இருந்தது. எனவே அதில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று தொழிலாளர் கேட்டது நியாயமே. அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான சங்கம் 1960இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இயந்திரங்களை எதிர்ப்பதில்லை எனச் சங்கம் ஏற்றது. பதிலுக்கு முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் நிதிக்கு அளித்தனர். அதிலிருந்து ஓய்வுத் தொகையும் குறைந்தபட்ச வருமான உறுதியும் கிடைத்தன. ஆனால் அந்தப் பலன் முழுப் பதிவு பெற்ற 'ஏ' பிரிவினருக்கே. அதே கப்பலில் அதே மூட்டையைத் தூக்கிய 'பி' பிரிவினருக்கு இல்லை. கப்பல்களும் இடம் மாறின. பெட்டகங்களை அடுக்கப் பரந்த நிலம் தேவைப்பட்டதால், சான் பிரான்சிஸ்கோவின் சரக்கு விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓக்லாந்துக்குப் போயிற்று.