பூவைப் பாருங்க, அப்புறம் கத்தியை எடுங்க

கொல்லையில் தானாக முளைத்த செடி ஒன்று பூத்து நிற்கிறது; பேர் தெரியவில்லை. வெட்டலாமா, விடலாமா? இதற்கு நம்ம கடற்கரையிலேயே ஒரு பழைய பாடம் உண்டு.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே தரங்கம்பாடி, 1620-இல் டேனிஷ்காரர் கோட்டை கட்டிய ஊர். 1768-இல் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் அங்கே வந்தார். சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயசின் மாணவர் அவர். புதுச் செடிகளைத் தேடிச் சேகரித்து, காயவைத்த மாதிரிகளை ஆசானுக்கு அனுப்பினார். லின்னேயஸ், பூவிலுள்ள மகரந்தத் தாள்களை எண்ணிச் செடிகளை வகை பிரித்தவர். கறிவேப்பிலைப் பூவை உற்றுப் பாருங்க: இதழ் 5, தாள் 10. நமக்குப் பழகிய அந்தச் செடிக்கு 1771-இல் லின்னேயஸ் வைத்த விஞ்ஞானப் பெயரில் கோனிக்கின் பெயரும் சேர்ந்தது. கோனிக் 1785-இல் மறைந்தார், பெயர் நிலைத்துவிட்டது.

நாமும் அதையே செய்யலாம். பூ, இலை, காய் உள்ள கிளையைச் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து, வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்க. அதுவரை ஆடு மாட்டுக்குப் போடாதீங்க. அரளி மாதிரி விஷச்செடியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

கவாத்துக்கும் பேர் தெரியணும். மல்லிகை புதுத் துளிரில் பூக்கும்; அதனால் நவம்பர் கடைசியில் வெட்டுகிறோம். பழைய கிளையில் பூக்கும் செடியைப் பூக்குமுன் வெட்டினால் அந்த வருஷப் பூ போச்சு. கறிவேப்பிலையை மூன்றடி உயரத்தில் நுனி கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். பேர் தெரியாத செடியில் பட்ட கிளையை மட்டும் எடுங்க. மீதியை ஒரு வருஷம் பார்த்துச் செய்யலாம்.