உலாவியின் உள்ளமை விளம்பரத் தடுப்பு

உள்ளமை விளம்பரத் தடுப்பு என்பது, தனி நீட்சி எதையும் நிறுவாமல் இணைய உலாவியே விளம்பரங்களை விலக்கிப் பக்கத்தைக் காட்டும் வசதியாகும். ஓப்பெரா தன் கணினி, கைபேசி உலாவிகளில் 2016இல் இதைச் சேர்த்தது. கூகுள் குரோமோ, திரையை மறைத்தெழும் மேல்விரி விளம்பரங்கள் போன்ற இடையூறுகளைத் தொடர்ந்து காட்டும் தளங்களில் மட்டும் செயல்படும் வடிகட்டியை 2018 பிப்ரவரி 15 அன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொடங்கி, 2019 ஜூலை 9 முதல் இந்தியா உள்ளிட்ட உலக நாடுகளுக்கு விரித்தது. ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளிப் பட்டியலைத் திறந்து, ‘அமைப்புகள்’ வழியே ‘தள அமைப்புகள்’ பகுதிக்குச் சென்றால் இதற்கான தெரிவைக் காணலாம். கைபேசி வழியே இணையம் காண்போருக்கு, முழுமையான தடுப்பு தரவுச் செலவைக் குறைத்துப் பக்கங்களை விரைவாகத் திறக்க உதவும். விளம்பர வருவாயால் வாழும் நம்பகமான தளங்களுக்கு மட்டும் விலக்கு அளிப்பதும் இயலும்.