ஐதராபாத் நூல் வருடற் பணியும் புள்ளியெழுத்துகளும்

பழைய நூல்களை மின்னணு வடிவிற் பேணும் முயற்சிகளில் கருவித் தேர்வு பெரும்பாலும் பொறியியலாரிடமே விடப்படுகின்றது. அத்தேர்வு நூலின் பாடத்தையும் தீண்டக்கூடும் என்பதற்கு ஐதராபாத்தில் நடைபெற்ற பணி தக்க சான்றாகும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜ் ரெட்டியின் முன்முயற்சியால் பத்து இலட்சம் நூல்களை வருடும் திட்டம் உருவாயிற்று. இந்தியாவில் அது இந்திய மின்னணு நூலகம் என்னும் பெயரில் 2003 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் தொடங்கி வைக்கப்பெற்றது. ஐதராபாத்திலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் அதன் முதன்மை மையங்களுள் ஒன்றாக விளங்கியது. 1891இல் ஆசபியா நூலகமாகத் தோன்றிய மாநில மைய நூலகத்தின் நூல்களும் வருடப்பட்டன.

வருடிக்கெனத் தேர்ந்தது மினோல்ட்டா பி.எஸ். 7000. தட்டை வருடியில் நூலைக் கவிழ்த்து அழுத்த வேண்டும். நொறுங்கும் தாளும் தளர்ந்த தையலும் அதனைத் தாங்கா. இக்கருவியிலோ நூல் மேல்நோக்கி விரிந்து கிடக்க, படம் மேலிருந்து எடுக்கப்படும். பக்கங்களைக் கையாலேயே புரட்டலாம். நூலின் உடலைக் காக்கும் வகையில் இது நல்ல தேர்வே.

சிக்கல் படத்தின் தன்மையில் இருந்தது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் நுட்பம் கொள்ளப்பட்டதாயினும், ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை என்றே பதிவாயிற்று. காரணம் வெளிப்படை. 6 அங்குல அகலமும் 9 அங்குல நீளமும் உள்ள ஒரு பக்கத்தைச் சாம்பல் நிறப் படிநிலைகளுடன் சேமிக்க, சுருக்காத நிலையில், ஏறத்தாழ 19 மெகாபைட் வேண்டும். 300 பக்க நூலுக்கு 5.8 கிகாபைட். அக்கால வட்டுகளில் அவ்வாறு இலட்சக்கணக்கான நூல்களை வைத்தல் இயலாது. கறுப்பு வெள்ளையில் எட்டில் ஒரு பங்கே தேவை; சுருக்கினால் மிகக் குறையும்.

பழுப்பேறிய தாளில் மை மங்கிய புள்ளி எல்லைக்கோட்டிற்கு அப்பால் விழுந்தால் வெள்ளையாகிவிடும், கறை கறுப்பாகும். படத்தைத் தூய்மை செய்யும் மென்பொருள் சிறு துகள்களை நீக்கும்போது, துகள் எது, எழுத்தின் உறுப்பு எது என அறியாது. உருதில் பே, தே முதலிய எழுத்துகள் புள்ளியின் எண்ணிக்கையாலும் இடத்தாலுமே வேறுபடுகின்றன. தெலுங்கில் தகரத்தின் மூச்சொலி வடிவை அடியிலுள்ள சிறுகோடே காட்டுகின்றது. தமிழ் நூல்களும் இம்முறையிலேயே வருடப்பட்டன. ‘பல்’ என்பது புள்ளியிழந்தால் ‘பல’ ஆகும். ‘என்’ என்பது ‘என’ ஆகும். உரைநடையில் சூழல் கைகொடுக்கும். செய்யுளிலும் அகராதித் தலைச்சொல்லிலும் ஊர்ப்பெயரிலும் அத்துணை கிட்டுவதில்லை. மூலப்படம், திருத்திய படம் என இருவகை சேமிக்கப்பட்டமை உண்மையே. ஆயின் மூலப்படமும் கறுப்பு வெள்ளையே. (தலைப்புகளின் உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் நேர்ந்த குளறுபடிகள் தனியே ஆராயத்தக்கவை.)

இதே நிறுவனத்தில் சி.வி. ஜவகர் முதலியோர் எழுத்துகளைத் தனித்தனியே அறியாமல், சொல்லின் உருவத்தைக் கொண்டே படங்களில் தேடும் முறையை ஆராய்ந்தனர். எழுத்துணரி மென்பொருள் வளராத மொழிகளுக்கு அது பயன்மிக்க வழியாயிற்று. எனினும் அழிந்த புள்ளியை அம்முறையும் மீட்காது.

நூலகத்தின் வலைத்தளம் பின்னர்ச் செயலிழந்தது; படங்களுள் மிகப் பல இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு பதிப்போரும் மொழிபெயர்ப்போரும் ஐயமுள்ள இடங்களில் அச்சுப்படியையே நாட வேண்டியுள்ளது.