புல்லட்டின் 16 பல்லும் ஆரல்வாய்மொழிக் காத்தும்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன பல் சக்கரத்தைப் பத்தி. உள்ளங்கையில வைக்கிற அளவுதான் இருக்கும். ஆனா அதுக்குள்ள நம்ம ஊர் ரோட்டோட வரலாறே இருக்கு.

பாளையங்கோட்டையில எங்க பெரியப்பாகிட்ட ஒரு பழைய 4 கியர் புல்லட் 350 இருக்கு. போன வருஷம் அது என் கைக்கு வந்துச்சு. நாற்கரச் சாலையில 80-ல போனா கைப்பிடி நடுங்கும், கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி ரெண்டாத் தெரியும். "முன் ஸ்ப்ராக்கெட்டை மாத்து, இஞ்சின் அமைதியாயிரும்"னு எல்லாரும் சொன்னாங்க.

முதல்ல கதை. 1950-கள்ல இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்கு இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்துச்சு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டோட சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வை ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை சென்னை திருவொற்றியூர்ல. அங்கிருந்து வந்த 4 கியர் வண்டியில இஞ்சின் சக்கரத்துக்கு 25 பல், கிளட்சுக்கு 56, கியர்பாக்ஸ் முன் சக்கரத்துக்கு 16, பின் சக்கரத்துக்கு 38. டாப் கியர்ல நேரடி இணைப்பு. பெருக்கிப் பாத்தா, பின் டயர் ஒரு தடவை சுத்த இஞ்சின் 5.32 தடவை சுத்தணும்.

அன்னைக்கு இருந்த ரோட்டுக்கு அது சரியான கணக்கு. ஒத்தை ரோடு, மாட்டு வண்டி, ஊருக்கு ஊர் வளைவு. 50, 60-க்கு மேல யார் போனா? வேகத்தைவிட இழுவைதான் முக்கியம். மணிமுத்தாறுலேர்ந்து மாஞ்சோலை ஏறணும்னா ரெண்டு பேரும் ஒரு மூட்டையும் முதல் கியர்ல ஏறியாகணும்.

2010-ஐ ஒட்டி மதுரை–கன்னியாகுமரி சாலை நாற்கரமாச்சு. இன்னைக்கு அது என்.எச். 44. வண்டி அதேதான், ரோடு மாறிப்போச்சு. 80-ல ஒரு மணி நேரம் நிக்காமப் போறதுங்கிறது அந்த 16 பல் கனவுலயும் பாக்காத விஷயம்.

கணக்கு போட்டேன். டயர் ஒரு சுத்துக்கு சுமார் 2 மீட்டர். 80 கி.மீ. வேகத்துல 16 பல்லோட இஞ்சின் நிமிஷத்துக்கு சுமார் 3,550 சுத்து. 18 பல் போட்டா 3,150. பிஸ்டன் 90 மி.மீ. தூரத்தை நொடிக்கு 59 தடவை ஏறி இறங்குறதுக்குப் பதிலா 52 தடவை. புல்லட்ல அந்தச் சக்கரம் கிளட்சுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். பிரைமரி மூடியைக் கழட்டி, கிளட்சை இறக்கித்தான் தொட முடியும். வண்ணாரப்பேட்டையில ஒரு மெக்கானிக் அண்ணாச்சி மாத்திக் குடுத்தாரு. கையில பழசை வெச்சுக்கிட்டு, "தம்பி, இதைத் தூரப் போட்டிராதீய"ன்னாரு. எனக்குப் புரியல.

நாங்குநேரி, வள்ளியூர் வரைக்கும் சொர்க்கம். இதுக்கா இவ்வளவு வருஷம் காத்திருந்தோம்னு தோணுச்சு. பணகுடி தாண்டி, காவல்கிணறுல நாகர்கோவில் பக்கம் திரும்பினேன். ஆடி மாசம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா மேற்குக் காத்து அடிக்குது. முப்பந்தல்ல அத்தனை காற்றாலை சும்மாவா நிக்குது? டாப் கியர்ல வண்டி மூச்சு வாங்குச்சு. மூணாவதுக்கு இறக்கினேன்.

40 கி.மீ. எதிர்காத்துல நீங்க 70-ல போனா, உடம்புல அடிக்கிறது 110 கி.மீ. காத்து. தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இந்த இஞ்சினோட முழு சக்தியே 18 குதிரைதான், அதுவும் 5,625 சுத்துல. சுத்தைக் குறைச்சா கையில இருக்குற சக்தியும் குறையும். மூணாவது கியர்ல 70-ல இஞ்சின் 3,750 சுத்து. பழைய 16 பல் இருந்திருந்தா டாப் கியர்லயே 3,100-ல இழுத்திருக்கும். அமைதிக்காகப் போட்ட சக்கரம் இஞ்சினைக் கூடுதலாக் கத்த வெச்சுது!

இதே பாடத்தை 1990-கள்ல வந்த டீசல் புல்லட் 'டாரஸ்'லயும் பாக்கலாம். கிரீவ்ஸ் லோம்பார்தினியோட 325 சி.சி. இஞ்சின், உச்சமே 3,600 சுத்துதான். எண்ணெய்ச் செலவு ரொம்பக் கம்மி. ஆனா 6.5 குதிரை சக்திக்கு 65 கி.மீ. வேகமே பெரிய பாடு.

முன் சக்கரத்தை மாத்தினா எல்லா கியரும் சேர்ந்து நீளும். முதல் கியரும்தான். மாஞ்சோலை ஏத்தத்துல கிளட்ச் கருகுறது அதனாலதான். முதல் கியரைத் தொடாம மேல மட்டும் ஒரு நீளமான கியர் வேணும்னா, இன்னொரு கியர் இருக்குற பெட்டி வேணும். 2000-கள்ல புல்லட்டுக்கு 5 கியர் வந்தப்போதான் அந்தக் கதவு தெறந்துச்சு.

திரும்பிப் போய் நின்னேன். அண்ணாச்சி சிரிக்கல. பெரியப்பாதான் சிரிச்சாரு: "ஏலே, கால்குலேட்டர்ல காத்து அடிக்குமா?" இப்போ வண்டியில 17 பல். 80-ல 3,340 சுத்து. கண்ணாடியில லாரி இன்னும் லேசா ஆடுது, ஆனா ஒண்ணாத்தான் தெரியுது. அந்த 16 பல் என் மேஜை மேல, லேப்டாப் பக்கத்துல இருக்கு.

உங்க வீட்டுப் பழைய வண்டியில முன் சக்கரத்துக்கு எத்தனை பல்னு எண்ணிப் பாருங்க. எந்த ரோட்டுக்காக அதைச் செஞ்சாங்கன்னு தெரியும். அடுத்த எபிசோட்ல பாப்போம்.