எட்டுக் காலும் இரண்டாயிரம் ஆண்டும்

சிலந்திக்கு நம் பாஷையில் இன்னொரு பெயர் உண்டு, எட்டுக்கால் பூச்சி. சற்று யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கையான பெயர். முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி தவறு. எட்டுக் கால் உள்ளது பூச்சியாக இருக்க முடியாது என்கிறது விலங்கியல். பூச்சிக்கு ஆறே கால்கள். தலை, மார்பு, வயிறு என்று உடலில் மூன்று பகுதிகள். தலையில் ஒரு ஜோடி உணர்கொம்புகள். சிலந்திக்கோ தலையும் மார்பும் ஒன்றாய்க் கூடி, உடல் இரண்டே பகுதி. உணர்கொம்பும் இல்லை, இறக்கையும் இல்லை. தேளும் உண்ணியும்தான் அதற்குச் சொந்தக்காரர்கள்.

கல்லூரியில் இரண்டு வருஷம் விலங்கியல் படித்தபோது இந்த வித்தியாசங்களை நானும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன். அட்டவணையில் இல்லாத ஒரு விஷயத்தைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். கால்களை எண்ணாததால் வந்த தவறல்ல இது. எண்ணியவர்களும், எட்டு என்று எழுதி வைத்தவர்களும்கூடச் சிலந்தியைப் பூச்சிக் கூட்டத்தை விட்டு வெளியே அனுப்பவில்லை. அனுப்புவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கிறிஸ்து பிறப்பதற்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் சிலந்தி வலை பின்னுவதையும் வேட்டையாடுவதையும் கவனித்து எழுதினார். ஆனால் உடலில் வெட்டு விழுந்தாற்போல் பிரிவுகள் உள்ள ஜந்துக்கள் எல்லாவற்றையும் ஒரே இனத்தில் சேர்த்துவிட்டார். ஈ, வண்டு, சிலந்தி, பூரான் எல்லாம் அதில் அடக்கம்.

1757-ல் ஸ்டாக்ஹோம் நகரில் கிளெர்க் என்பவர் சுவீடன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி வர்ணப் படங்களுடன் ஒரு புத்தகம் வெளியிட்டார். நகர நிர்வாகத்தில் உத்தியோகம் பார்த்த மனிதர் அவர். அறுபதுக்கு மேற்பட்ட வகைகளை இனம் பிரித்துக் காட்டினார். அவர் சூட்டிய பெயர்களை விஞ்ஞானிகள் இன்றும் மதிக்கிறார்கள்.

மறு வருஷம், அதே நாட்டுப் பேராசிரியர் லினேயஸ் தமது புகழ்பெற்ற நூலின் பத்தாம் பதிப்பில் பிராணிகள் அனைத்தையும் ஆறு வகுப்புகளாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று பூச்சி வகுப்பு. அதை இறக்கையின் அமைப்பைப் பார்த்து ஏழு வரிசைகளாக்கினார். ஏழாவது, இறக்கை இல்லாதவை. பேன், தெள்ளுப்பூச்சி, கறையான், சிலந்தி, தேள், நண்டு, பூரான் எல்லாம் இந்த ஒரே கூடையில் விழுந்தன! மீசை இல்லாதவர்களையெல்லாம் ஒரே குடும்பம் என்று ரேஷன் கார்டு எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். இத்தனைக்கும் அந்தக் கூடைக்குள்ளேயே ஆறு காலுள்ளவை ஒரு பக்கம், எட்டு முதல் பதினான்கு கால் வரை உள்ளவை ஒரு பக்கம் என்று அவரே பிரித்து வைத்திருந்தார். தலையும் மார்பும் கூடியிருப்பதையும் குறித்திருந்தார். கண் பார்த்துவிட்டது, திட்டம்தான் இடம் கொடுக்கவில்லை.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793-ல் பாரிஸில் அரசரின் தோட்டம் மக்களின் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலை ஆயிற்று. பேராசிரியர் பதவிகளைப் பங்கிட்டபோது பூச்சிகளும் புழுக்களும் லமார்க்குக்கு வந்து சேர்ந்தன. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவர், செடி கொடிகளைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர். அந்த வயதில் புதுப் பாடம்! குப்பைக் கூடை என்று அவர் ஒதுக்கவில்லை. கொட்டிப் பரப்பிப் பார்த்தார். வெளியே இறக்கை உண்டா என்பதோடு நிற்காமல், உள்ளே எப்படி மூச்சு விடுகிறது, பிறந்தபின் உருமாறுகிறதா என்றெல்லாம் கேட்டார். வண்ணத்துப்பூச்சி புழுவாக இருந்து வருகிறது. சிலந்திக் குஞ்சோ முட்டையிலிருந்து வரும்போதே குட்டிச் சிலந்தி. 1801-ல் வெளியான நூலில் நண்டு இனம் ஒரு வகுப்பு, சிலந்தி இனம் ஒரு வகுப்பு, பூச்சி இனம் ஒரு வகுப்பு என்று தனித்தனியே இடம் பெற்றன.

அவருக்குத் துணையாக இருந்த லத்ரேயின் வாழ்க்கை எந்த நாவலுக்கும் குறைந்ததல்ல. புரட்சி அரசுக்குப் பிரமாணம் செய்யாத பாதிரியார் என்று அவரைப் போர்தோ நகரில் சிறை வைத்தார்கள். அங்கே தரையில் ஊர்ந்த ஒரு சிறு வண்டை அவர் உற்றுப் பார்ப்பதைச் சிறை வைத்தியர் கண்டார். அபூர்வ வண்டு என்று கைதி சொல்லவே, இயற்கை ஆராய்ச்சியில் மோகம் கொண்ட ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினார். கைதி யார் என்று பையனுக்குத் தெரிந்துவிட்டது. பாடுபட்டு விடுதலை வாங்கித் தந்தான். ஒரு பூச்சி காப்பாற்றிய மனிதர், பிறகு லமார்க்கின் பக்கத்தில் அமர்ந்து பூச்சிகளை இனம் பிரித்தார்.

லமார்க்கோ கடைசி வருஷங்களில் பார்வை இழந்தார். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். 1829-ல் வறுமையில் இறந்தார். வாடகைக் குழியில் புதைத்தார்கள். தவணை முடிந்ததும் எலும்புகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். சிலந்திக்குத் தனி வீடு கொடுத்தவருக்கு ஆறடி மண் நிலைக்கவில்லை.

அவர் பிரித்த பிரிவு மட்டும் நிலைத்தது. இன்றைய ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. நம் தட்டிலே விழும் இறால், பூச்சிக்குச் சிலந்தியைவிட நெருங்கிய உறவாம்! ஒன்றாகப் பார்த்துப் பழகியதை ஒன்று என்றே நம்பிவிடுவது மனித சுபாவம். நாம் எட்டுக்கால் பூச்சி என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். மூலையில் தொங்கும் அந்தப் பிராணிக்கு அதில் மனத்தாங்கல் ஒன்றும் இருக்காது. சொல்லும்போது அந்தக் குருட்டுக் கிழவரை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும்.