கோணல் முத்து: பரோக் கலையும் இரண்டு போட்டியாளர்களும்

ஐரோப்பியக் கலை வரலாற்றைப் படிப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை சீக்கிரமே புரிந்துவிடும். அங்கே உள்ள பாணிகளின் பெயர்களில் பல, முதலில் வசைச் சொற்களாகப் பிறந்தவை. வானைத் தொடும் கூர்மாடங்களுக்கு 'கோதிக்' என்று பெயர் வந்தது, அவை கோத்துகள் என்ற காட்டுமிராண்டிகளின் கைவேலை என்று 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர்கள் இகழ்ந்ததால்தான். 'ரொக்கோக்கோ' என்பது சிப்பி, சங்கு அலங்காரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைக் கேலியாகத் திரித்தது. 'பரோக்' மட்டும் தப்பிக்குமா? உருண்டையாக இல்லாத, கோணலான முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து அது வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. முத்துக்காகவே போர்த்துக்கீசியர் வந்து இறங்கிய தூத்துக்குடிக் கரையில், கோணல் முத்துக்கு என்ன மதிப்பு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

18ஆம் நூற்றாண்டு விமர்சகர்கள் இந்தச் சொல்லைத் திட்டுவதற்கே பயன்படுத்தினார்கள். அளவு மீறியது, கோணலானது, ரசனை கெட்டது என்று பொருள். ஹைன்ரிக் வோல்ஃப்லின் என்ற சுவிஸ் அறிஞர் 1888ல் மறுமலர்ச்சியையும் பரோக்கையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதிய பிறகுதான், இதுவும் தனக்கென்று ஒரு தர்க்கம் உள்ள பாணி என்று கல்வியுலகம் கவனிக்க ஆரம்பித்தது.

அந்தத் தர்க்கம் என்ன? மூன்று தாவீது சிலைகளை அடுத்தடுத்துப் பார்த்தால் போதும். 15ஆம் நூற்றாண்டில் தொனாத்தெல்லோ செய்த வெண்கலத் தாவீது, வெட்டிய கோலியாத்தின் தலைமேல் கால் வைத்து நிற்கிறான். சண்டை முடிந்துவிட்டது. மைக்கலாஞ்சலோ 1504ல் முடித்த பளிங்குத் தாவீது, கவண் தோளில் கிடக்க எதிரியைப் பார்த்தபடி நிற்கிறான். சண்டை இன்னும் தொடங்கவில்லை. பெர்னினி 1623-24ல் செதுக்கிய தாவீதோ உடம்பை முறுக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு கல்லை வீசிக்கொண்டிருக்கிறான்! அவன் முன்னால் நிற்பவருக்கு, கோலியாத் தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதுபோல் தோன்றும். பார்ப்பவரையும் சண்டைக்குள் இழுத்துவிடுவதுதான் பரோக். மறுமலர்ச்சிக் கலை 'என்னை நின்று பார்' என்கிறது. பரோக் 'உள்ளே வா' என்று கையைப் பிடித்து இழுக்கிறது.

கட்டடத்திலும் இதே கதைதான். பிரமாந்தே 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் கட்டிய தெம்பியெத்தோ என்ற சிறு ஆலயம் முழு வட்டம். வட்டத்துக்கு ஒரே மையம். அங்கே நின்றால் எல்லாம் அடங்கி அமைதியாக இருக்கும். பரோக் கலைஞர்களுக்குப் பிடித்தது நீள்வட்டம். அதற்குள் நிற்பவரின் கண் ஓரிடத்தில் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். கோள்கள் வட்டத்தில் அல்ல, நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கெப்ளர் 1609ல் எழுதியதும் இதே காலம்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது, ஆனாலும் ஒற்றுமை அழகாக இருக்கிறது.

இவ்வளவு உணர்ச்சி ஏன் தேவைப்பட்டது? காரணம் சமய அரசியல். 1517ல் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய எதிர்ப்பில் ஐரோப்பாவின் வடபகுதி ரோமின் கையை விட்டுப் போனது. பல ஊர்களில் ஆலயச் சிலைகளை உடைத்து, சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்து பொதுச்சங்கம் நேர் எதிரான முடிவெடுத்தது. படங்களும் சிலைகளும் இருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அவை பாடம் சொல்ல வேண்டும் என்றது. அதன் பிறகு ஓவியம் என்பது ரோமைப் பொறுத்தவரை பிரசாரக் கருவி. காரவாஜ்ஜோ 1600 வாக்கில் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தில், இருண்ட அறையில் காசு எண்ணிக்கொண்டிருக்கும் சாதாரண மனிதர்கள்மேல் ஓரத்திலிருந்து ஒளி வந்து விழுகிறது. அதைப் புரிந்துகொள்ள லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1584ல் அர்ச்சிக்கப்பட்ட, இயேசு சபையின் தாய் ஆலயமான ஜேசு ஆலயத்தின் அமைப்பு இந்தக் காலத்தில் பல நாடுகளுக்கும் பரவியது. தமிழருக்கும் அங்கே ஒரு தொடர்பு உண்டு. 1542ல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவாவில் இருக்கிறது. அவருடைய வலது முன்கை மட்டும் ரோமில், இந்த ஆலயத்தின் பீடம் ஒன்றில் வைக்கப்பட்டிருக்கிறது.

இனி அந்த இரண்டு பேருக்கு வருவோம். ஜான் லொரென்சோ பெர்னினி 1598ல் நேப்பிள்சில் பிறந்தவர். சிற்பியின் மகன். சின்ன வயதிலேயே கர்தினால்களின் செல்லப் பிள்ளை. பேச்சிலும் பழக்கத்திலும் யாரையும் வசப்படுத்தக்கூடியவர். பிரான்செஸ்கோ பொரோமினி அதற்கு அடுத்த ஆண்டு, இன்று சுவிட்சர்லாந்தில் உள்ள பிசோனே கிராமத்தில் கல்வேலைக் குடும்பத்தில் பிறந்தவர். ரோமுக்கு வந்து, புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்தில் கல் செதுக்கி வயிறு வளர்த்தவர். தன் உறவினரும் பேராலயத்தின் தலைமைக் கட்டடக் கலைஞருமான கார்லோ மதேர்னோவிடம் வரைபடம் போடக் கற்றவர். யாரோடும் ஒட்டாத சுபாவம்.

1629ல் மதேர்னோ இறந்ததும் அந்தப் பதவி யாருக்குப் போனது? தொழில் தெரிந்த பொரோமினிக்கு அல்ல. போப் எட்டாம் உர்பானின் அன்புக்குரிய பெர்னினிக்கு! அப்போது அவர் கட்டடங்களைவிடச் சிலைகளுக்கே பெயர் பெற்றவர். பொரோமினி அவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியதாயிற்று. பேராலயத்தின் நடுவே முறுக்கிய நான்கு வெண்கலத் தூண்களோடு சுமார் 29 மீட்டர் உயரத்தில் நிற்கும் விதானம் (1624-1633) பெர்னினியின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கான வரைபடங்கள் சிலவற்றில் பொரோமினியின் கையைக் காணலாம். அந்தக் காலத்தில் பழைய ரோமானியக் கட்டடமான பாந்தியனின் முகமண்டபத்திலிருந்த வெண்கலத்தையும் போப் பெயர்த்தெடுத்தார். அதில் பெரும்பகுதி பீரங்கி செய்யத்தான் போனது என்றாலும், பார்பரீனி என்ற அவருடைய குடும்பப் பெயரையும் 'பார்பாரியர்' என்ற சொல்லையும் சேர்த்து ரோம் மக்கள் சிலேடை கட்டிக் கிண்டலடித்தார்கள்.

பொரோமினிக்கு முதல் தனி வாய்ப்பு 1634ல் வந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த ஏழைத் துறவியர் சிலர் ஒரு தெருமுனையில் மடமும் ஆலயமும் கட்டித்தரக் கேட்டனர். அதுதான் நான்கு நீரூற்றுகள் சந்திப்பில் உள்ள சான் கார்லோ. பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்றுக்குள் இந்த ஆலயம் முழுவதும் அடங்கிவிடும் என்று சொல்வார்கள். அவ்வளவு சின்னது! தங்கமும் வண்ணப் பளிங்கும் வாங்கப் பணமில்லை. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, வெள்ளைப் பூச்சு மட்டும்தான். ஆனால் உள்ளே சுவர் அலைபோல முன்னும் பின்னும் வளைகிறது. மேலே நீள்வட்டக் குவிமாடத்தில் சிலுவை, அறுகோணம், எண்கோணக் குழிவுகள் தேன்கூடு மாதிரி ஒன்றோடொன்று பின்னி, மேலே போகப் போகச் சிறுத்து, இருப்பதைவிட அதிக உயரத்தைக் காட்டுகின்றன. அடியோரம் பாதி மறைந்த சன்னல்கள் வழியாக ஒளி வருவதால் குவிமாடம் மிதப்பதுபோல் இருக்கிறது. பரோக் என்றாலே ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது.

இதற்கு நேர்மாறு பெர்னினியின் வழி. 1647க்கும் 1652க்கும் இடையில் அவர் கொர்னாரோ சிற்றாலயத்தில் செய்த 'புனித தெரசாவின் பரவசம்' கிட்டத்தட்ட ஒரு நாடக மேடை. நடுவில் மேகத்தின்மேல் மயங்கிச் சாயும் தெரசா. பின்னால் பொன் பூசிய கதிர்கள். மறைவான சன்னல் ஒன்றிலிருந்து உண்மையான வெளிச்சம் அந்தக் கதிர்கள்மேல் இறங்குகிறது. இரு பக்கமும் நாடகக் கொட்டகை மாடங்கள் போன்ற அறைகளில் பணம் கொடுத்த குடும்பத்தார் சிலைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள்! சிற்பம், கட்டடம், ஓவியம், ஒளி எல்லாம் ஒரே காட்சியாகக் கலந்துவிடுகின்றன.

பெர்னினிக்கும் சறுக்கல் உண்டு. பேதுரு பேராலய முகப்பின் இரு ஓரங்களிலும் மணிக்கோபுரம் கட்டும் பொறுப்பு 1637ல் அவருக்கு வந்தது. அங்கே மண் இளக்கமானது, அடியில் நீரோட்டம் வேறு. ஏற்கெனவே போட்டிருந்த அடித்தளம் எளிய கோபுரத்துக்கானது. பெர்னினி எழுப்பியதோ அதைவிடப் பன்மடங்கு கனமானது. தெற்குக் கோபுரம் எழுந்ததும் முகப்பில் விரிசல் விட்டது. 1644ல் பத்தாம் இன்னசென்ட் போப் ஆனார். முந்தைய போப்பின் ஆட்களை அவருக்குப் பிடிக்காது. விசாரணை நடந்தது. எடை அதிகம், அடித்தளம் போதாது என்று கணக்குக் காட்டி வாதாடியவர்களில் பொரோமினி முக்கியமானவர். பழிவாங்கல் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் விரிசல் விரிசல்தானே? 1646ல் கோபுரம் இடிக்கப்பட்டது. இன்றும் அந்த முகப்பு அகலமாக, உயரம் போதாததுபோல் தெரிவதற்கு அந்தக் கோபுரங்கள் இல்லாததும் ஒரு காரணம்.

பெர்னினி விழுந்து கிடக்கவில்லை. நவோனா சதுக்கத்தில் நான்கு நதிகள் நீரூற்றை (1648-1651) செய்து அதே போப்பை மகிழ்வித்தார். தன்யூப், நைல், லா பிளாட்டா ஆகியவற்றோடு நம் கங்கையும் அதில் ஒருவர். கையில் நீண்ட துடுப்போடு தாடிக்கார ஆணாகக் கங்கை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். எதிரே உள்ள ஆலய முகப்பு பொரோமினி கைவைத்தது. 'இது இடிந்து விழப்போகிறது' என்று பயந்துதான் லா பிளாட்டா சிலை கையைத் தூக்குகிறது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. நீரூற்று முடிந்த பிறகுதான் அந்த ஆலயத்தின் வேலையே தொடங்கியது. ஆனாலும் கதை சாகவில்லை.

1656ல் தொடங்கி 284 தூண்களோடு பேதுரு சதுக்கத்தை இரு கைகள் அணைப்பதுபோல் அமைத்ததோடு பெர்னினியின் புகழ் உச்சத்துக்குப் போனது. 1665ல் பிரான்சின் பதினான்காம் லூயி அவரைப் பாரிசுக்கே வரவழைத்தார். லூவர் அரண்மனைக்கு அவர் போட்ட திட்டத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் கடைசியில் ஒதுக்கிவிட்டு, நேர்க்கோட்டுத் தூண் வரிசைக்குப் போனார்கள். பிரான்சில் பரோக் அடக்கமாகவே வளர்ந்தது. வளைவும் துள்ளலும் பின்னால் தெற்கு ஜெர்மனியில்தான் பொங்கியது, அதிலும் பவேரியாவின் வீஸ் ஆலயம் (1745-54) போன்ற ரொக்கோக்கோ ஆலயங்களில். 1748ல் பொம்பேயி அகழ்வு தொடங்கியபின் ரசனை மறுபடியும் நேர்க்கோட்டுக்குத் திரும்பியது. பரோக் என்பது வசையானதும் அந்தச் சூழலில்தான். அதிகம் திட்டு வாங்கியவர்களில் ஒருவர் பொரோமினி.

அந்தத் திட்டுகளைக் கேட்க அவர் இல்லை. கடைசி ஆண்டுகளில் வேலைகள் கைநழுவின, உடல்நலம் கெட்டது, மனம் கலங்கியது. 1667 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓர் இரவு, எழுத விளக்குக் கேட்டார். ஓய்வெடுக்க வேண்டும் என்று வேலையாள் மறுத்துவிட்டான். அந்த ஆத்திரத்தில் தன் வாளின்மேலேயே விழுந்தார். உடனே உயிர் போகவில்லை. நடந்ததைத் தெளிவாக வாக்குமூலமாகச் சொல்லிவிட்டுத்தான் இறந்தார். தனக்கென்று தனிக் கல்லறை கேட்கவில்லை. தன் குரு மதேர்னோவின் கல்லறையிலேயே புதைக்கச் சொன்னார், அப்படியே செய்தார்கள்.

பெர்னினி அதற்குப் பின்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். சான் கார்லோவிலிருந்து சில நிமிட நடையில், அதே தெருவில், சாந்த் ஆந்திரேயா ஆலயத்தை நீள்வட்டமாகவே கட்டினார். பொரோமினி இறந்தபோது சான் கார்லோவின் முகப்பு பாதியில் நின்றிருந்தது. முதன்முதலில் தனியாகக் கிடைத்த அந்தக் குட்டி ஆலயத்துக்கு, 30 ஆண்டுகள் கழித்து 1665ல்தான் அவர் முகப்பு கட்ட ஆரம்பித்திருந்தார். அலையலையாக வளையும் அந்தக் கல் முகப்பின் மேல்பகுதியை அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் பெர்னார்தோ கட்டி முடித்தார்.